கஸ்தூரி வீட்டுக் கம்ப்யூட்டரின் டிஸ்பிளே கார்டு

1999-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5-ஆம் தேதி, திங்கட்கிழமை, முற்பகல் 11.20 மணிக்கு அருப்புக்கோட்டை நீதித்துறை நடுவர் முன்பாக, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 164-ஆம் பிரிவின்படி, சாட்சி தானே முன்வந்து சொல்லப் பதிவு செய்யப்பட்ட வாக்குமூலம்.

சாட்சியின் பெயர்: ஜெப ஷீலா. வயது: 28. கணவர் பெயர்: இம்மானுவேல். மதம்: கிறிஸ்தவம். தொழில்: கம்ப்யூட்டர் பயிற்சி மற்றும் பழுதுபார்ப்பு. முகவரி: சர்ச் தெரு, அருப்புக்கோட்டை.

நான் மேற்கண்ட முகவரியில் கணவர், மாமியார் சவுந்தரம் ஆகியோருடன் வசித்து வருகிறேன். பெண்கள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தேன். 1995 முதல் பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறேன். காலையில் வகுப்பு எடுப்பேன். மதியத்துக்கு மேல் வீடுகளுக்குப் போய்க் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுப்பேன், பழுது பார்ப்பேன். பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

பாளையம்பட்டியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சுப்புராஜின் மனைவி கஸ்தூரியை எனக்கு 1996 முதல் தெரியும். அவருக்குக் குழந்தை இல்லை. எங்கள் சென்டரில் ஆறு மாதம் டைப்பிங்கும் பக்கம் அமைப்பதும் படித்தார். என்னைவிட ஏழு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அதன் பிறகு 1997 ஆகஸ்ட் மாதம் தன் நகையை விற்று ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கினார். மதுரையிலிருந்து பாகங்களை வரவழைத்து நான்தான் அவர் வீட்டு முன்னறையில் வைத்துப் பூட்டிக் கொடுத்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, பள்ளிக்கூடக் கேள்வித்தாள் ஆகியவற்றை அவர் வீட்டிலிருந்தே அமைத்துக் கொடுத்து வந்தார்.

அந்தக் கம்ப்யூட்டரில் பூட்டிய டிஸ்பிளே கார்டு பற்றி விவரமாகச் சொல்லும்படி கேட்கப்பட்டதால் சொல்கிறேன். டிஸ்பிளே கார்டு என்பது கம்ப்யூட்டர் பெட்டிக்குள் செருகியிருக்கும் உள்ளங்கை அளவு பச்சைப் பலகை. திரையில் தெரியும் எல்லாப் படத்தையும் அதுதான் வரைந்து அனுப்புகிறது. அதன் மேல் படத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் சில்லுகள் இருக்கும். நான் முதலில் பூட்டிய கார்டில் பாதி நினைவுதான் இருந்தது. மீதிக்கு இரண்டு காலிக் குழிகள் இருந்தன. பத்திரிகையில் சாமி படத்தை வைத்தால் நிறம் திட்டுத் திட்டாகத் தெரிகிறது என்று கஸ்தூரி சொன்னதால், எங்கள் சென்டரில் கழித்துப் போட்ட ஒரு பழைய கார்டிலிருந்து இரண்டு சில்லுகளை எடுத்து, அந்தக் குழிகளில் வைத்து அழுத்தினேன். நிறங்கள் நன்றாக வந்தன. ஆனால் திரையின் கீழ்ப்பகுதியில் வலது ஓரத்தில் சாய்வாக ஏழு பச்சைப் புள்ளிகள் நின்றன. நிறத்தைக் குறைத்தால் புள்ளிகள் மறைந்துவிடும். முழு நிறத்துக்கு வைத்தால் திரும்ப வந்து அதே இடத்தில் நிற்கும். இரண்டு சில்லுகளில் ஒன்றில் கோளாறு என்று தெரிந்துகொண்டேன்.

மாற்றுச் சில்லு மதுரையிலிருந்து வரப் பதினைந்து நாள் ஆகும் என்று சொன்னேன். அதற்கு கஸ்தூரி, "இருந்துட்டுப் போகட்டும் ஷீலா. பாசிப்பயறு சிந்துன மாதிரி நல்லாத்தான் இருக்கு. பிரிண்டுல வராதுல்ல, அது போதும்" என்றார். அந்தக் கோளாறான சில்லு குழியில் இறுக்கமாக உட்காராமல் மேலே எழும்பிக்கொண்டிருந்தது. ஒட்டுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் பிரிண்டர் பேப்பர் கட்டுக்குப் பின்னாலிருந்து கருஞ்சிவப்பு நிற நகப்பாலிஷ் பாட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் அவர் அதைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று கணவர் சொல்லியிருந்ததால் அங்கே ஒளித்து வைத்திருந்தார். சில்லின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு சொட்டு வைத்தேன். அவர் குனிந்து வாயால் ஊதிக் காய வைத்தார். இது தவிர, கார்டைப் பெட்டியில் முடுக்கும் தகடு நீளமாக இருந்ததால் அதன் நுனியைச் சென்டரிலிருந்த அரத்தால் ராவியிருந்தேன். குழியின் ஒரு கம்பி வளைந்திருந்ததைத் தையல் ஊசியால் நிமிர்த்தியபோது பலகையில் பிறை வடிவில் ஒரு கீறல் விழுந்தது.

அதன் பிறகு மாதம் ஒரு முறையாவது நான் அவர் வீட்டுக்குப் போவது உண்டு. அங்கே சுப்புராஜின் அக்காள் மகன் முனீஸ்வரன் சில சமயம் இருப்பார். அவர் காரியாபட்டியில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்பவர். ஒருமுறை நான் இருக்கும்போது பத்திரிகை அடிக்க இரண்டு பேர் வந்து போனார்கள். அவர்கள் போனதும் சுப்புராஜ் உள்ளே வந்து, நான் இருப்பதைப் பார்க்காமல், "கண்ட ஆம்பளையும் வாசலேறி வாரான். இந்தப் பொட்டிய ஒரு நாள் தூக்கித்தான் போடப் போறேன்" என்றார். கஸ்தூரி திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

1998 ஜூன் 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி அளவில் கஸ்தூரி எங்கள் சென்டருக்கு வந்தார். வகுப்பு முடிந்து நான் தனியாக இருந்தேன். அவருடைய இடது கை நகங்களில் பாலிஷ் பாதி உரிந்து, நகத்தைச் சுற்றிப் பிளேடால் சுரண்டிய காயங்கள் இருந்தன. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஷீலா, ரெண்டு நாளைக்கு உங்க வீட்ல இருந்துக்கிறட்டா? பொட்டியையும் கொண்டாந்துர்றேன். அதுக்குள்ள அம்மாவுக்குச் சொல்லி விட்டுர்றேன்" என்றார். என்னக்கா ஆயிற்று என்று கேட்டேன். அவர் விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் அசன விருந்து. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் வந்து இறங்கியிருந்தார்கள். மாமியாரிடம் இதைக் கேட்க எனக்குத் தயக்கமாக இருந்தது. நான், "வீடு நிறைய ஆளுங்கக்கா. திங்கக்கிழமை வாங்களேன்" என்றேன். அவர், "சரித்தா, திங்கக்கிழமை பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டவுன் பஸ் வந்து நின்றும் அவர் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில்தான் ஏறினார்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை. புதன்கிழமை சென்டரில், கஸ்தூரி வேனில் கம்ப்யூட்டரை ஏற்றிக்கொண்டு ஒருவருடன் போய்விட்டதாகச் சொன்னார்கள். சுப்புராஜும் அப்படித்தான் புகார் கொடுத்திருந்தார் என்று கேள்விப்பட்டேன். என்னிடம்கூடச் சொல்லாமல் போய்விட்டாரே என்று எனக்கு மனம் கசந்தது. அதன் பிறகு யாராவது, "உங்ககிட்டப் படிச்ச பிள்ளை ஓடிப்போயிருச்சாமே" என்று கேட்டால், நானும் "அப்படித்தான் சொல்றாங்க" என்று பதில் சொன்னேன். எத்தனை பேரிடம் அப்படிச் சொன்னேன் என்பது இப்போது நினைவில் இல்லை.

கஸ்தூரியின் தாயார் பேச்சி காரியாபட்டியில் இருப்பவர், கணவர் இல்லாதவர். அவர் ஆகஸ்ட் மாதத்திலிருந்து அடிக்கடி பஸ் ஏறி எங்கள் சென்டருக்கு வருவார். மகளிடமிருந்து எனக்குக் கடிதம் ஏதும் வந்ததா என்று கேட்பார். ஒருமுறை, "அந்தப் பொட்டிய நீதானத்தா செஞ்சு குடுத்த. அது எங்க இருக்குன்னு இங்கிருந்தே பாத்துச் சொல்ல முடியாதா?" என்று கேட்டார். அப்படியெல்லாம் பார்க்க முடியாது அம்மா என்று சொன்னேன்.

1999 மார்ச் 6-ஆம் தேதி சனிக்கிழமை நான் திருச்சுழியில் உள்ள என் கணவரின் அண்ணன் தாவீதுராஜ் வீட்டுக்குப் போனேன். அவர் தன் மகள் சுஜிதாவுக்காக ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். சுஜிதா ஒரு படிப்புச் சிடியைப் போட்டால், நிறம் போதாது, கூட்டவும் என்று திரையில் வருவதாகவும், கூட்ட முடியவில்லை என்றும் சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தபோது, உள்ளே இருக்கும் டிஸ்பிளே கார்டு இன்னது என்று விண்டோஸுக்கே தெரியாமல் பொதுப் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கார்டைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்லிக்கொடுக்கும் டிரைவர் உள்ள பிளாப்பியைப் போட்டால்தான் முழு நிறம் வரும். அதற்கு முதலில் என்ன கார்டு என்று தெரிய வேண்டும்.

கம்ப்யூட்டரைப் போட்டவுடன் முதல் வரியாக டிஸ்பிளே கார்டு தன் பெயரையும் நினைவின் அளவையும் காட்டும். இரண்டு விநாடியில் மறைந்துவிடும். நான் அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டு, அந்த வரி வரும்போது கீபோர்டில் நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். வரி நின்றது. எழுதி எடுத்துக்கொண்டேன். நான் 1997-இல் கஸ்தூரிக்குப் பூட்டிய அதே ரகம், அதே இரட்டிப்பாக்கிய நினைவு. அந்த ரகம் பலரிடம் இருப்பதால் அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் பையில் இருந்த பிளாப்பிகளில் அதற்கு உரியதைத் தேடி எடுத்துப் போட்டேன். கம்ப்யூட்டரைத் திரும்ப ஓட விட்டு முழு நிறத்துக்கு வைத்தேன்.

திரை ஒரு முறை கறுத்துத் திரும்ப வந்தது. கீழே வலது ஓரத்தில் சாய்வாகப் பச்சைப் புள்ளிகள் இருந்தன. எண்ணினேன், ஏழு. சுஜிதா, "சித்தி, இது என்ன? அழுக்கா?" என்று கேட்டுத் துப்பட்டா நுனியால் திரையைத் துடைத்தாள். அது போகவில்லை. யாரோ என் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்று அதே திரையைப் பார்ப்பது போல இருந்ததால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

அதன் பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். பெட்டியும் மற்றப் பாகங்களும் நான் பார்த்தறியாதவை. டிஸ்பிளே கார்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ராவிய தகடு, பிறைக் கீறல், இரண்டு ஓரத்திலும் கருஞ்சிவப்புச் சொட்டு, எல்லாம் இருந்தன. ஒரு சொட்டின் மேல் மெல்லிய முடி ஒன்று ஒட்டிக் காய்ந்திருந்தது. அது ஊதிக் காய வைத்த நாளிலேயே விழுந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தாவீதுராஜிடம், "அத்தான், இத யாருகிட்ட வாங்குனீக?" என்று கேட்டேன். அவர், "காரியாபட்டில முனீஸ்வரன்னு ஒரு பையன். போன வருசம் ஆடி மாசம் சேத்துக் குடுத்தான். ஏம்மா, களவுச் சாமானா?" என்றார். நான் கஸ்தூரி விஷயத்தைச் சொன்னேன். அவர் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, "நீ பாத்தது பாத்ததா இருக்கட்டும். போலீசு கோர்ட்டுன்னு போனா முதல்ல என்னையத்தான் கூப்பிடுவாக. வயசுப் பிள்ளை இருக்கிற வீடு. ஓடிப்போனவளுக்காக நாம எதுக்குத் தெருவுல நிக்கணும்?" என்றார். நான் கார்டைப் பழையபடி பூட்டி, நிறத்தைக் குறைத்து வைத்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னபோது, அவரும், "அண்ணன் சொல்றதும் சரிதான்" என்றார்.

நான் பதினொரு நாட்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் தாமதம் என்று நடுவர் அவர்கள் கேட்பதால் சொல்கிறேன். குடும்பத்துக்குப் பயந்தேன் என்பது ஒன்று. மற்றொன்று, ஏற்றிக்கொண்டு போனதாகச் சொன்ன பெட்டியின் கார்டு இங்கே இருந்தால் கஸ்தூரி எங்கேயும் போகவில்லை என்று ஆகிறது. எங்கேயும் போகவில்லை என்றால் இந்த ஒன்பது மாதமும் அவர் எங்கே இருந்தார் என்ற கேள்வி வருகிறது. அதை என் வாயால் முதலில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த நாட்களில் எந்த வீட்டில் எந்தக் கம்ப்யூட்டரைப் போட்டாலும் என் கண் முதலில் கீழ் வலது ஓரத்துக்குத்தான் போனது. அணைத்து வைத்த திரையிலும் அது தெரிவது போல இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் ஓரத்திலும் தெரிந்தது.

மார்ச் 17-ஆம் தேதி புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு பேச்சி ஒரு போட்டோவுடன் சென்டருக்கு வந்தார். காணவில்லை என்று நோட்டீஸ் அடித்து பஸ்களில் ஒட்ட வேண்டும் என்றார். "மருமகன்ட்டக் கேட்டேன். ஓடிப்போனவளுக்கு நோட்டீஸ் ஒரு கேடான்னு கேட்டாரு. நானே ஒட்டிக்கிறேன்" என்றார். நான் போட்டோவை ஸ்கேனரில் வைத்தேன். கஸ்தூரியின் முகம் மேலிருந்து கோடு கோடாகத் திரையில் இறங்கி வந்தது. முதலில் வகிடு, நெற்றி, பிறகு கண்கள். வாய் வருவதற்குள் என்னால் பார்க்க முடியவில்லை. பேச்சி திரையைத் தொட்டு, "என்ன தாயி, உசுரோட இருக்கிற மாதிரியே இருக்கா" என்றார்.

நான் அவரிடம், அந்தப் பெட்டியில் இருந்த ஒரு சாமான் கிடைத்துவிட்டது அம்மா, அது முனீஸ்வரன் விற்ற கம்ப்யூட்டரில் இருந்தது என்று சொன்னேன். அவர் உடனே அழவில்லை. "அப்ப பொட்டி ஊருலதான் இருந்திருக்கு" என்றார். பிறகு நோட்டீஸ் வேண்டாம் என்று சொல்லிப் போட்டோவைத் திரும்ப வாங்கி மடியில் செருகிக்கொண்டார். நானும் அவரும் நடந்தே காவல் நிலையத்துக்குப் போனோம். என் கணவருக்கு அங்கிருந்துதான் போன் செய்தேன். அவர் வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

மார்ச் 19-ஆம் தேதி காவல் ஆய்வாளர் சௌந்தரபாண்டியன் தாவீதுராஜ் வீட்டிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரைக் கைப்பற்றிக் கொண்டுவந்திருந்தார். இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு என்னிடம், "இந்த மாதிரிக் கார்டு ஊரு பூராவும் இருக்கும்லம்மா. இதுதான் அதுன்னு எதை வச்சுச் சொல்றீங்க?" என்று கேட்டார். நான் ஒரு தாள் வாங்கி, பெட்டியைத் தொடுவதற்கு முன்பே, முதல் வரியில் என்ன பெயர் வரும், எவ்வளவு நினைவு என்று வரும், முழு நிறத்தில் எத்தனை புள்ளிகள் எந்த இடத்தில் வரும், கார்டில் எங்கெங்கே என்ன அடையாளம் இருக்கும் என்று எழுதி அவரிடம் மடித்துக் கொடுத்தேன். அதன் பிறகு கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்டினேன். பெட்டியைத் திறந்து கார்டை எடுத்து மேஜையில் வைத்தேன். ஆய்வாளர் தாளைப் பிரித்து ஒவ்வொன்றாகப் படித்து ஒத்துப் பார்த்தார். புள்ளிகளை சாட்சிகள் இருவரும் தனித்தனியாக எண்ணினார்கள். இன்று எனக்குக் காட்டப்படும் சீலிட்ட உறையில் உள்ள கார்டு அதுவே. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அதன் பிறகு சுப்புராஜையும் முனீஸ்வரனையும் விசாரணைக்கு அழைத்ததாக அறிந்தேன். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு நேரடியாகத் தெரியாது.

மார்ச் 23-ஆம் தேதி காலை, பொருட்களை அடையாளம் காட்ட வேண்டும் என்று என்னைப் பாளையம்பட்டிக்குத் தெற்கே கருவேலங்காட்டுக்குள் இருந்த பாழடைந்த கிணற்றுக்கு அழைத்துப் போனார்கள். அது சுப்புராஜின் பங்காளிகளுக்குச் சொந்தமானது என்றார்கள். தண்ணீர் கிடையாது. கல்லும் முள்ளும் போட்டு மூடியிருந்ததைத் தீயணைப்புப் படையினர் அகற்றியிருந்தார்கள். முதலில் கயிறு கட்டி மானிட்டரை மேலே கொண்டுவந்தார்கள். கண்ணாடி உடைந்திருந்தது. அடுத்து கீபோர்டும் பிரிண்டரும் வந்தன. அதன் பிறகு பெட்டி வந்தது. அது நான் பூட்டியதுதான். மூடியைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன். உள்ளே மண் இருந்தது. மற்ற எல்லாம் இருந்த இடத்தில் இருக்க, டிஸ்பிளே கார்டின் இடம் மட்டும் காலியாக இருந்தது. அதை முடுக்கியிருந்த திருகாணியையும் யாரோ மறக்காமல் எடுத்திருந்தார்கள். இதை அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பிறகு கிணற்றுக்குள் இருந்தவர் மேலே பார்த்து ஏதோ சைகை காட்டினார். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். நான் தள்ளிப் போய் நின்றேன். அதற்கு மேல் அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை.

பேச்சியை முதலில் கிணற்றுக்கு அருகில் விடவில்லை. ஒரு பெண் காவலர் அவரைப் பிடித்திருந்தார். சுமார் அரை மணி நேரம் கழித்து பேச்சி என்னிடம் வந்தார். மகளை அடையாளம் காட்டிவிட்டார் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. கஸ்தூரி என்னிடம் தங்க இடம் கேட்டதையும், நான் திங்கட்கிழமை வரச் சொன்னதையும் அவரிடம் அப்போதுதான் சொன்னேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மக எவன்கூடயும் போகலைல்ல?" என்று கேட்டார். இல்லை அம்மா, எங்கேயும் போகவில்லை என்றேன். "நல்லாச் சொல்லு" என்றார். திரும்பச் சொன்னேன்.

பாதையில் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் கூடியிருந்தார்கள். பேச்சி அவர்களிடம் போய், "எம்மக ஓடிப்போகலை. இங்கனதான் இருந்திருக்கா" என்று சொன்னார். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, அவர்கள் தலையை ஆட்டிய பிறகுதான் அடுத்தவரிடம் போனார். அதன் பிறகு நான் அவரைக் கைத்தாங்கலாக மெயின் ரோட்டுக்கு அழைத்து வந்து காரியாபட்டி பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தபோது அவரிடமும் சொன்னார். கண்டக்டர் வெளியூர்க்காரர் போலிருக்கிறது, பேச்சி எதைப் பற்றிச் சொல்கிறார் என்று புரியாமல் என்னைப் பார்த்தார். நான் கீழே நின்றபடி, "ஆமாண்ணே, அவுக சொல்றது நெசந்தான்" என்றேன். பஸ் புறப்பட்டுவிட்டது.

நான் சொல்ல வேண்டியது இவ்வளவே. யாரும் சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. நான் பார்த்ததையும் கேட்டதையும் செய்ததையும் செய்யத் தவறியதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லியிருக்கிறேன். எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே, உண்மையாக, சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) இ. ஜெப ஷீலா
5.4.1999

என் முன்பாகச் சொல்லப்பட்டு, என்னால் பதிவு செய்யப்பட்டது.
நீதித்துறை நடுவர், அருப்புக்கோட்டை.